பாடபேதம்

கட்டுரையை ஏற்கலாம்.
பிறந்த ஆண்டுக்குச் சான்று உண்டு,
வட்டுக்கோட்டைக்கும் பேராதனைக்கும் உண்டு.
'தன்னிகரற்ற', 'ஈடிணையில்லாத' இரண்டையும் தூக்கினேன்.
கலாநிதி புவனலோசனி இளையதம்பி
உயிரோடிருந்தால் மூன்றாவதையும் கண்டுபிடித்துத் தூக்கியிருப்பார்.
இடைச்செருகல் களைவதுதானே
முப்பது வருஷமாக அவர் பார்த்த வேலை.

சிக்கல் ஐந்தாம் பத்தியில்.

"நாற்பத்தோராம் பாட்டில் 'களம் ஏறி வந்தான்' என்று
துணிந்து பாடங்கொண்டவர் இவரே.
அதுவரை வணிகன் எனக் கருதப்பட்ட தலைவன்
போர்வீரன் என நிறுவினார்."
மூன்று மேற்கோள்.
ஒன்று அவருடைய பதிப்பு, பக்கம் 112.
அடுத்தது ஒரு முதுகலை ஆய்வேடு.
மூன்றாவது, அந்த ஆய்வேட்டைக் காட்டுகிற கருத்தரங்கக் கட்டுரை.
எல்லாம் விதிப்படி.
பனைவெளி என்ற பெயரில் எழுதுகிற பிள்ளை
ஒரு கமாவைக்கூடத் தவறவிடவில்லை.

பக்கம் 112ஐ அச்சுக்கோத்தவன் நான்.

நாச்சிமார் கோயிலடி. மின்சாரம் இல்லாத ஐந்தாம் வருஷம்.
ஜாம் போத்தல் விளக்கு.
கோடு போட்ட கொப்பித்தாளில் அச்சடித்தோம்,
பாட்டுக்குப் பக்கத்தில் சிவப்பு ஓரக்கோடு ஓடும்.
ல கிடந்த குழிக்கு அடுத்த குழி ள.
அவர் எழுதித் தந்தது 'கலம் ஏறி'.
கப்பல். சரக்கோடு வந்த ஒரு செட்டி.
என் விரல் அடுத்த குழிக்குள் போனது,
அவ்வளவுதான்,
செட்டி கையில் வாள் வந்துவிட்டது.

முந்நூறு பிரதியும் கட்டி முடிந்தபின் வந்து பார்த்தார்.
கத்தவில்லை.
"சூசைமுத்து, உம்மட ள
எங்கட கப்பலைத் தரைதட்ட வைச்சிட்டுது."
பிழைதிருத்தம் அடிக்கத் தாள் இல்லை.
ஸ்டூலை இழுத்துப் போட்டு இருந்து
ஒவ்வொன்றாய் விரித்துக் கறுப்பு மையால் வெட்டி எழுதினார்.
அறுபதோ எழுபதோ. மிச்சம் நாளைக்கு என்றார்.
அந்த நாளைக்கு ஊரே
நாவற்குழிப் பாலத்தில் நின்றது, மழையில்.

மிச்சப் பிரதிகள் எப்படியோ தப்பி எங்கெங்கோ போயின.
ஆய்வேடு எழுதியவருக்குக் கிடைத்தது அதிலொன்று.
அந்த வருஷங்களில் எல்லாரும் எதையும்
களம் என்றே வாசித்தார்கள்.
அவரில் குறை சொல்லேலாது.

ஸ்காபரோவிலிருந்து ஒரே ஒரு கடிதம் வந்தது.
முட்டு, ஊசி, மகளின் வீட்டுப் படிகள்,
கடைசி வரியில்: "கப்பல் மிதக்குதோ?"
நான் பதில் போடவில்லை.

திருத்திய பிரதியொன்று என்னிடம் இருக்கிறது.
ஆனால் என் அலுமாரி சான்றாகாது.
'சொந்த அனுபவம் ஏற்கப்படாது':
அந்த விதி வாக்கெடுப்புக்கு வந்தபோது
முதலில் ஆதரித்தவன் நான்தான்.

நூலகத்துக்குப் போனால் எண் விழும்,
எண் விழுந்தால் சான்றாகும் என்று
செவ்வாய்க்கிழமை சைக்கிளில் கொண்டுபோனேன்.
கவுண்டரில் இருந்த பெண் புரட்டினாள், 112இல் நின்றாள்.
"ஐயா, பேனையால கிறுக்கியிருக்கு.
இப்பிடியானது எடுக்கிறேல்லை.
சுத்தமான கொப்பி ஒண்டு ஏற்கெனவே எங்களிட்டக் கிடக்கு."

ஸ்டான்லி வீதியில் ஒரு சர்பத் குடித்தேன்.
வீட்டுக்கு வந்து மதிப்பாய்வுப் பெட்டியைத் திறந்தேன்.

"நடை தெளிவு. ஐந்தாம் பத்தியை மட்டும் நிறுத்திவைக்கவும்.
அது பதிப்பாசிரியரின் பாடம் அல்ல, அச்சுப்பிழை.
சரியான பாடம்"

இந்த விசைப்பலகையில் லவுக்கும் ளவுக்கும் ஒரே விசை,
சற்று அழுத்திப் பிடித்தால் ள.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.
கலம்.
இரண்டு தரம் பார்த்தேன்.
பிறகு இன்னொரு தரம்.

பத்து நிமிஷத்தில் பனைவெளி கேட்டது:
"இதைச் சொன்னது யார்?"